தோத்தகட்சி நானா கொடுத்த பூ

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது, அதுவும் வியட்நாமியப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்தை அம்மாதான் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டிப் பழக்கினாள். அதனால் பிழைகள் கட்டாயம் இருக்கும். பத்திரிகை ஆசிரியர் திருத்திப் போட்டால் புண்ணியம். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம், அது நடந்தபடியே இருக்கட்டும்.

சைகோன் நகரத்தில் தோத்தகட்சி நானா கைதட்டி யாரும் ஜெயித்ததாகச் சரித்திரம் கிடையாது. கால்பந்தோ, குத்துச்சண்டையோ, சந்தில் இரண்டு சேவல்கள் முறைத்துக்கொண்டு நின்றாலும் சரி, நானா எந்தப் பக்கம் நின்று "அப்படித்தான், விடாதே" என்கிறாரோ அந்தப் பக்கம் சுருண்டு விழும். டி.வி.யில் பந்து விளையாட்டு நடக்கும்போது, எதிர்க்கட்சி ரசிகர்கள் ஐஸ் போட்ட காபி வாங்கிக் கொடுத்து அவரைத் தங்கள் எதிரிக்குக் கைதட்டச் சொல்வார்கள். அவர் காபியைக் குடித்துவிட்டு, மனசுக்குப் பிடித்த பக்கத்துக்கே தட்டுவார். அது தங்கள் பக்கமாக இருந்துவிட்டால் காபி வாங்கித் தந்தவர்கள் பயந்துபோவார்கள்.

நானாவுக்குச் சொந்த ஊர் காரைக்கால்; நானா என்றால் அந்தப் பக்கத்தில் அண்ணன். ஒரு காலத்தில் துணி வியாபாரி. எழுபத்தைந்து ஏப்ரலில், கம்யூனிஸ்ட் படை நெருங்கிவர ஊரே மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, பென் தான் என்கிற பெரிய சந்தைக்குப் பின்னால் ஒரு கடையைச் சொந்தமாக வாங்கி, கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்த ஒரே மனிதர் அவர்தான். பெயிண்ட் காய்வதற்குள் அரசாங்கம் மாறிவிட்டது. கடையும் போனது. சொந்தக்காரர்கள் பிளேன் ஏறியபோது, "ரெண்டு மாசத்துல எல்லாம் சரியாயிடும், நீங்க போங்க, நான் பொறவு வர்றேன்" என்று கையசைத்து அனுப்பினார். இருபது வருடம் கழித்தும் அதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எது சரியாக வேண்டும் என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது.

நான் சொல்லும் காலத்தில் அவருக்கு அறுபது வயது இருக்கும். சந்தை வாசலில் ஒரு தள்ளுவண்டியில் பொத்தான், ஜிப், கொக்கி விற்றுக்கொண்டிருந்தார். நான் அவர் வண்டிக்குப் பக்கத்தில் என் மோட்டார் சைக்கிளை நிறுத்திச் சவாரிக்குக் காத்திருப்பேன். இந்தத் தொழிலில் "வாங்க, ஏறுங்க" என்று கூவ வேண்டும். எனக்கு அது வராது. ஆளைப் பார்த்தால் வெட்கம் வந்துவிடும். அதனால் எனக்காக நானாதான் கூவுவார். "இந்தத் தம்பி வண்டியில ஏறுங்க. வழி பூரா வாயத் தொறக்க மாட்டான். நிம்மதியாப் போய்ச் சேரலாம்." வெட்கம்கூட ஒரு சரக்குதான் என்று கண்டுபிடித்து விற்றுக் கொடுத்தவர் அவர்.

இனி பாட்டு விருது விஷயத்துக்கு வருகிறேன்.

வருடக் கடைசியில் டி.வி.யில் ஒரு விழா நடக்கும். அந்த வருடத்தில் வந்த பாட்டுகளில் சிறந்தது எது, பாடியவர்களில் சிறந்தவர் யார் என்று விருது கொடுப்பார்கள். செய்தித்தாளில் வரும் சீட்டைக் கத்தரித்து, பிடித்த பாடகர் பேரை எழுதித் தபாலில் அனுப்பினால் அது ஓட்டு. விழா நாளன்று ராத்திரி எட்டு மணிக்கு நேரடி ஒளிபரப்பு. அந்த நேரத்தில் எனக்குச் சவாரியே கிடைக்காது. ஊர் முழுக்க டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும்.

இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பாடகர் பாடிக்கொண்டிருக்கும்போதே, கூட்டத்தில் இருக்கும் ஒருவர் எழுந்து போய், மேடையேறி, கையில் பூச்செண்டைக் கொடுத்துவிட்டு இறங்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். பாடகரும் பாட்டை நிறுத்தாமல் ஒரு கையால் வாங்கித் தலையாட்டுவார். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து நானாவுக்கு வேறு நினைப்பே இல்லை.

முதல் வருடம் அவர் பூச்செண்டு வாங்கவில்லை. "செண்டு என்னா செண்டு, கீரைக்கட்டு மாதிரி. மரியாதைன்னா மாலை போடணும்" என்றார். மாரியம்மன் கோயில் வாசலில் இரண்டு கூடை துலுக்கச் சாமந்தி வாங்கி, பொத்தான் தைக்கிற நூலில் தானே கோத்து, முழங்கால் வரை தொங்கும் ஒரு மாலை தயாரித்தார். அந்த வருடம் அவர் மனதில் இருந்தவர் ஒரு தடித்த, சாதுவான பாடகர். நானா மேடையேறினார். பாடகர் பூவுக்காகக் கை நீட்டினார். நானா கையைத் தள்ளிவிட்டுக் கழுத்தில் போட்டார்.

அரங்கம் அப்படியே உறைந்துபோனது. இந்த ஊரில் அந்தப் பூ செத்தவர் படத்துக்கு முன்னால், பூஜை மாடத்தில் வைக்கிற பூ. உயிரோடிருக்கிற மனிதன் கழுத்தில் யாரும் போட்டது இல்லை. முன் வரிசையிலிருந்த ஒரு கிழவி பழக்கதோஷத்தில் எழுந்து நின்று பாடகரைக் கும்பிட்டுவிட்டாள். பாடகர் மீதிப் பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். விருது வேறொருவருக்குப் போனது. இவருக்கு ஒரு வாரம் காய்ச்சல் என்று பத்திரிகையில் வந்தது.

"பயந்துட்டான் போலிருக்கு" என்றார் நானா. "நம்ம ஊர்ல கல்யாண மாப்பிள்ளைக்கே போடுறோம், அதுக்கு அவன் காய்ச்சல் வந்து படுக்குறானே?"

அடுத்த வருடத்திலிருந்து செண்டுக்கு மாறினார். ஆனால் தோல்வி மாறவில்லை. ஐந்து வருடம், ஐந்து பாடகர்கள். அவர் பூ கொடுத்த ஐந்து பேரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். செய்தி நாங்கள் குடியிருந்த சந்து எல்லையைத் தாண்டிப் போய்விட்டது. ஒரு வருடம் பெரிய பாடகி ஒருத்தியின் ஆள் கையில் பழக்கூடையோடு பொத்தான் வண்டியைத் தேடி வந்தான். "பெரியவரே, இந்தத் தடவை யாருக்குப் பூ கொடுக்கிறதா உத்தேசம்?" என்று பணிவாகக் கேட்டான். நானா ஒரு பேரைச் சொன்னார். அது அவன் எஜமானி பேர் இல்லை. அவன் கூடையை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான். "எவ்வளவு நல்ல மனுஷன் பாரு" என்று நானா எனக்கு ஒரு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்.

ஆறாவது வருடம்தான் எங்கள் சந்துக்குச் சோதனை வந்தது.

சந்து முனையில் நூடுல்ஸ் கடை வைத்திருந்தவள் நாலாம் அக்கா. இங்கே வீட்டில் பிறந்த வரிசையை வைத்து, எண்ணால்தான் கூப்பிடுவார்கள். அவள் மகள் லான் ஒரு காபி ஹவுசில் பாடுவாள். மழையில் தன் மழைக்கோட்டை யாருக்கோ கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்குப் போகும் ஒரு பெண்ணைப் பற்றி அவள் ஒரு பாட்டுப் பாடியிருந்தாள். எப்படியோ அது அந்த வருடத்து விருதுப் பட்டியலில் வந்துவிட்டது. எங்கள் சந்தில் ஒருவரும் நம்பவில்லை. நாலாம் அக்கா செய்தித்தாளைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தாள்.

லானுக்கு அப்போது இருபத்துநாலு வயது. அம்மாவுக்கு முட்டி வலி, கடையில் அதிக நேரம் நிற்க முடியாது. லான் ஏற்கெனவே சொல்லிவிட்டாள்: "விருது கிடைச்சா பாட்டுக்குக் கூப்பிடுவாங்க, பொழைச்சுக்கலாம். கிடைக்கலைன்னா தையல் ஃபேக்டரியில பேர் குடுத்துட்டேன், புது வருஷத்துல சேர்ந்திடுவேன். இனி ரெண்டும் கெட்டானா இருக்க முடியாது."

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது நூடுல்ஸ் கடையில் கூட்டம் கூடியது. தலைமை, பாண்டிச்சேரி முசே; முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. பிரெஞ்சு பேங்க் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்ந்தவர். லுங்கி கட்டியிருந்தாலும் கழுத்தில் டை இருக்கும். சந்தில் நாங்கள் மூன்று வீடுதான் தமிழ், மற்றவர்கள் எல்லாரும் வியட்நாமியர்கள். முசே இரண்டு மொழியிலும் பேசி, நடுவில் பிரெஞ்சையும் தூவினார்.

"நான் ஒண்ணும் மூடநம்பிக்கைக்காரன் இல்லை" என்று ஆரம்பித்தார். "ஆனா கணக்குன்னு ஒண்ணு இருக்கு. அஞ்சுக்கு அஞ்சு. அந்த மனுஷன் அன்னைக்கு அரங்கத்துல இருக்கக் கூடாது. ஊர்லயே இருக்கக் கூடாது."

"பாவம், அவரு இந்தப் பொண்ணு மேல உயிரையே வச்சிருக்காரு" என்றாள் நாலாம் அக்கா.

"அதுதான் ஆபத்து" என்றார் முசே.

நானாவை எப்படி அப்புறப்படுத்துவது என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பேதி மாத்திரை வரைக்கும் போனது. கடைசியில் முசே என் பக்கம் திரும்பினார்.

"நீதான் சொல்லணும். நீ பொய் சொல்ல மாட்டேன்னு அவர் முழுசா நம்புறார். அதனால நீ சொன்னா பொய் எடுபடும்."

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பத்துப் பேர் பார்த்தால் எனக்குத் தலை தானாக ஆடும். ஆடியது.

கடற்கரை ஊரான வுங் டாவில் ஒரு தையல்காரர் இருக்கிறார், எண்ணெய்க் கம்பெனிக்காரர்களுக்குச் சட்டை தைக்கிறவர், அவருக்கு மூட்டையாகப் பொத்தான் வேண்டுமாம், சனிக்கிழமை சாயங்காலம்தான் வீட்டில் இருப்பாராம். இது முசே தயாரித்த பொய். மறுநாள் பொத்தான் வண்டிக்குப் பக்கத்தில் நின்று, தரையைப் பார்த்தபடி முழுதும் ஒப்பித்தேன்.

"சனிக்கிழமையா? அன்னைக்குத்தானே பாட்டு விழா?" என்றார் நானா. கொஞ்ச நேரம் ஒரு ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார். என் முகத்தைப் பார்த்தார். "நீ சொல்றியேன்னு போறேன்" என்றார்.

சனிக்கிழமை மதியம் நான்தான் அவரை வண்டியில் ஏற்றித் தோன் டுக் தாங் தெரு வழியாகப் படகுத்துறைக்குக் கொண்டுபோய் விட்டேன். அவர் மடியில் ஒரு பை பொத்தான், எல்லா நிறத்திலும் மாதிரிகள். படகு வரும் வரை மரத்தடியில் நின்றோம்.

"ஏந்தம்பி, லானுக்குப் பூ குடுக்கப்போறது யாரு?"

"நான்தான் நானா. சந்து சார்பா டிக்கெட் எனக்குக் குடுத்திருக்காங்க."

"நீயா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ரகசியம் மாதிரி சொன்னார். "ரெண்டாவது சரணம் எடுக்கும்போது போ. முதல்லயே போனியன்னா அதுக்குக் குரல் தடுமாறும். கடைசில போனா காமிரா திரும்பிடும். ரெண்டாவது சரணம். கணக்கா வச்சுக்க."

"ஜெயிச்ச பிறகுதான் குடுக்கணும்னு முசே சொன்னாரு. முன்னாடியே குடுத்தா கண்ணு பட்டுடுமாம்."

"ஜெயிச்ச பொறவா? அது ஜெயிக்காதுப்பா."

எனக்குச் சுரீர் என்றது. "என்ன நானா, நீங்களே வாய் வைக்கிறீங்க?"

"நான் எங்க வாய் வச்சேன்? காது இருக்குல்ல. சந்தையில நாள் பூரா நிக்கிறேன், எந்தக் கடை ரேடியோவுல எந்தப் பாட்டு ஓடுதுன்னு எனக்குத் தெரியாதா? லான் பாட்டு நம்ம சந்துல மட்டும்தான் கேக்குது. நல்ல பாட்டு, ஆனா ஜெயிக்காது. ஒவ்வொரு வருஷமும் பாக்குறேன். ஜெயிக்கப்போறவளுக்கு வரிசையில நின்னு பூ குடுக்குறாங்க. தோக்கப்போறதுக்கு ஒருத்தனும் எந்திரிக்க மாட்டான். அத்தனை வெளிச்சத்துல, அத்தனை பேருக்கு முன்னால, வெறுங்கையோட நின்னு பாடுறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அதான் நான் போறது."

படகு வந்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன். "போகாதீங்க நானா" என்ற இரண்டே வார்த்தை. அவர் கையில் டிக்கெட்டோடு நின்றார். வரிசையில் பின்னாலிருந்தவர்கள் எங்களையே பார்த்தார்கள். என் வாய் மூடிக்கொண்டது. அவர் ஏறி, ஜன்னல் வழியாக இரண்டு விரலைக் காட்டினார். இரண்டாவது சரணம்.

சந்து மக்கள் சேர்ந்து வாங்கியிருந்த பூச்செண்டு ஒரு சின்ன மரம் அளவு இருந்தது. சிவப்பு ரோஜா, ஜரிகைத் தாள், ரிப்பன். அதை மடியில் வைத்துக்கொண்டால் என் முகம் தெரியாது. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி. மேடைக்குப் பன்னிரண்டு காலடி இருக்கும். உட்கார்ந்ததிலிருந்து அதைத்தான் அளந்துகொண்டிருந்தேன்.

லானுக்கு முன்னால் பாடிய பாடகிக்கு ஏழு பேர் பூ கொடுத்தார்கள். அவள் கையில் இடமில்லாமல் மேடையிலேயே ஒரு ஆள் வந்து வாங்கிக்கொண்டு போனான். பிறகு லான் வந்தாள். வெள்ளை உடை, அம்மாவின் செருப்பு. பாட ஆரம்பித்தாள். முதல் சரணம் வரை யாரும் எழவில்லை. எனக்கு முன்னாலிருந்தவர் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சரணம் வந்தது. லான் என்னைப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள். எழுந்திருக்கச் சொல்லி என் காலுக்கு உத்தரவு போட்டேன். கால் என்னுடையது இல்லை என்பதுபோல இருந்தது. ஒரு காமிராக்காரனுக்கு என்னை ரொம்பப் பிடித்துவிட்டது. நேராக வந்து என் முன்னால் நின்றுகொண்டான். இவ்வளவு பெரிய செண்டோடு வந்தவன் இதோ எழுந்துவிடுவான் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். நான் செண்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். ஜரிகைத் தாள் சரசரவென்று சத்தம் போட்டது. முசே சொன்னதுதான் சரி, ஜெயித்த பிறகு கொடுக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். ஜெயிக்க மாட்டாள் என்று படகுத்துறையிலேயே தெரியும்.

பாட்டு முடிந்தது. ஏழு பூச்செண்டுக்காரிக்கு விருது போனது. லான் ஓரத்தில் நின்று, இரண்டு கையாலும் நன்றாகவே கைதட்டினாள். அவளுக்குத் தட்டுவதற்குக் கை காலியாகத்தானே இருந்தது.

மறுநாள் காலை முதல் படகில் நானா திரும்பி வந்தார். நான் போய் அழைத்துவரவில்லை. நூடுல்ஸ் கடையில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பூச்செண்டு, பாத்திரம் கழுவும் வாளியில் நின்றிருந்தது. முசே டை இல்லாமல் வந்திருந்தார். நானா தோளில் பொத்தான் பையோடு சந்துக்குள் வந்ததும், முசே குற்றவாளியைப் பிடித்துவிட்டது போல என்னைக் கைகாட்டினார்.

"தம்பி எந்திரிக்கவே இல்லை, பார்த்தீங்களா? டி.வி.யில சிலை மாதிரி உட்கார்ந்திருந்தான்."

"பார்த்தேன்" என்றார் நானா. "வுங் டாவ்ல ஒரு காபிக் கடையில மொத்தக் கூட்டமும் பார்த்துச்சு. 'எந்திரிடா, எந்திரிடா'ன்னு கடைக்காரன் டி.வி.யைத் தட்டுனான்."

நாலாம் அக்கா தயங்கிக்கொண்டே கேட்டாள். "அந்தத் தையல்காரரைப் பார்த்தீங்களா?"

நான் தரையைப் பார்த்தேன். சந்தே தரையைப் பார்த்தது.

"எங்க பாக்குறது" என்றார் நானா. "விசாரிச்சேன். போன மாசம்தான் கடையைக் காலி பண்ணிட்டு ஊரை விட்டுப் போயிட்டாராம். தம்பிக்குச் சேதி சொன்னவனுக்குத் தெரிஞ்சிருக்காது. தம்பி என்ன பண்ணுவான், பாவம். கேட்டதைச் சொன்னான்."

சொல்லிவிட்டு, வாளியிலிருந்த பூச்செண்டை எடுத்து, சொட்டச் சொட்ட லான் கையில் கொடுத்தார். அவள் அப்போது கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு வாங்கிக்கொண்டு முதல்முறையாக அழுதாள். "ரெண்டாவது சரணம் ரொம்ப நல்லா இருந்துச்சு புள்ளே" என்றார். அந்த வார்த்தையை மட்டும் தமிழில்தான் சொன்னார். அவளுக்குப் புரிந்தது.

புது வருடத்தில் லான் தையல் ஃபேக்டரியில் சேர்ந்தாள். இப்போது அங்கே மேற்பார்வையாளர். பாடுவது இல்லை. அன்றைக்கு நான் எழுந்திருந்தாலும் விருது வந்திருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் வெறுங்கையோடு இறங்கியதாலேயே அவள் விட்டுவிட்டாளோ என்ற சந்தேகத்தை இருபத்தைந்து வருடமாகத் தீர்க்க முடியவில்லை. எதிரில் பார்த்தால் "சாப்பிட்டியாண்ணா?" என்று கேட்கிறாள். சாப்பிட்டேன் என்கிறேன்.

நானா அதற்குப் பிறகு விழாவுக்குப் போகவில்லை. "நான் போகாமலே தோக்குதுங்களே, அப்பொறம் என் ராசிக்கு என்னா மதிப்பு?" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சில வருடம் கழித்துக் காரைக்காலில் இருந்த தங்கச்சி வீட்டுக்குப் போனார். போன மூன்றாம் மாதம் இறந்துபோனார் என்று கடிதம் வந்தது. அவர் தள்ளுவண்டி நின்ற இடத்தில் இப்போது மெட்ரோ ஸ்டேஷனுக்கு இறங்குகிற கூட்டம். நான் கூவாமலே பிழைக்கிறேன். செல்போனில் கூப்பிடுகிறார்கள்.

ஒன்றை மட்டும் சொல்ல இத்தனை பக்கம் எழுதினேன். வுங் டாவில் அப்படி ஒரு தையல்காரர் கிடையாது. இல்லாத ஆளை இருட்டும் வரை தெருத் தெருவாகத் தேடிய மனிதர், திரும்பி வந்து, இத்தனை பேருக்கு முன்னால், அந்த ஆள் இருந்தார் என்று சொன்னார். அன்றைக்கு என்னைவிட மோசமாகத் தோற்றவன் அந்தச் சந்தில் யாரும் இல்லை. அதனால் நானா என் பக்கம் நின்றார்.

சைகோன்,
2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை.